மோசம் என்ற சொல்லோடு ஒரு பயணம்: பிராங்பேர்ட்டிலிருந்து ரூஜ் ஹில் வரை

போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை நான் ஜெர்மனியிலிருந்து ரொறன்ரோவுக்குப் போனேன். தங்கச்சி அஜக்ஸில் வீடு வாங்கி இரண்டு வருடமாகிறது. புதுமனைக் குடிபூரலுக்குத்தான் வரவில்லை, எட்டியாவது பார் என்று ஒவ்வொரு கிழமையும் போனில் குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டைப் பற்றியும் இலை பழுக்கும் காலத்து மரங்களைப் பற்றியும் ஒரு பதிவு எழுதத்தான் நினைத்திருந்தேன். படங்கள்கூட எடுத்தேன். ஆனால் இப்போது அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு மரங்கள் ஞாபகம் வருவதில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஊவேதான் ஞாபகம் வருகிறார். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

விமானம் பிராங்பேர்ட்டில் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பியது. எட்டரை மணித்தியாலப் பயணம். ஆறு மணித்தியால நேர வித்தியாசம் இருப்பதால் அங்குள்ள நேரப்படி மூன்றரைக்கே இறங்கிவிடலாம். போனை அணைக்குமுன் தங்கச்சியோடு இரண்டு வார்த்தை கதைத்தேன். பக்கத்தில் இருந்த எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, நீங்கள் யாழ்ப்பாணமோ?”

நான் திகைத்துப் போனேன். அவர் சிரிக்கவில்லை. “என்ர நண்பர் நேசன் மோசம் போயிட்டார். அதுதான் போறன்,” என்றார்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒருவர் மோசம் போய்விட்டார் என்றால் இறந்துவிட்டார் என்று அர்த்தம். செத்துப்போனார் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல மனம் வராமல் இப்படிச் சொல்வோம். இவ்வளவு பக்குவமாகத் தமிழ் பேசும் ஜெர்மன்காரரை நான் பார்த்ததில்லை. கவலையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இழவு கேட்கும்போது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

“எப்ப எடுக்கினம்?”

“தெரியாது. ரெண்டு தரம் அடிச்சனான், ஒருத்தரும் போன் எடுக்கேல்லை. வாறன் எண்டு மெசேஜ் வைச்சிட்டு வெளிக்கிட்டிட்டன்.”

பிரேதம் எப்போது எடுக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு அவர் போனைப் பற்றிச் சொன்னது எனக்கு உறைக்கவே இல்லை. செத்தவீட்டில் யார் போன் எடுக்கப் போகிறார்கள் என்று நானும் தலையாட்டினேன்.

நேசன் முதலில் ஜெர்மனிக்குத்தான் வந்திருக்கிறார். இருவரும் ஒரே வெதுப்பகத்தில் மாவு பிசைந்தவர்கள். மாவோடு மாவாகத் தமிழும் படித்தாராம் ஊவே. பிறகு நேசன் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுப் போனில் கதைப்பார்கள். செய்தியும் அந்தப் போனின் பதிவில்தான் வந்திருக்கிறது, நேசனின் மனைவி ராஜியின் குரலில். இந்த மனிதரிடம் கைப்பேசி இல்லை. வட்ஸ்அப், முகநூல் எதுவும் இல்லை. வங்கி அட்டை ஒன்று இருக்கிறது, அதையும் வேண்டாவெறுப்பாகத்தான் வைத்திருக்கிறார். போக வேண்டிய வழியைக் கடதாசியில் கையால் வரைந்து கொண்டுவந்திருந்தார்.

சாப்பாட்டுத் தட்டை எடுத்ததும் மையூற்றும் பேனையும் தடித்த கொப்பியும் வெளியே வந்தன. தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதுவாராம். நான் சும்மா இருக்காமல், எழுதி என்ன காணப்போகிறீர்கள் என்று கேட்டேன். அதன் பிறகு பாதி ஜெர்மனிலும் பாதித் தமிழிலுமாக நிறையச் சொன்னார். அவர் அப்பா கிழக்கு ஜெர்மனியில் இருந்தவர். மேல் வீட்டுக்காரன் அவரைப் பற்றி அரசாங்கத்துக்கு உளவு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். சுவர் விழுந்த பிறகு ஊவே அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி வாசித்தார்.

“அப்பா என்ன சாப்பிட்டவர், ஆரோட சிரிச்சவர், எல்லாம் இருக்கு. சில வரிக்கு மட்டும் கறுப்பு மை பூசியிருக்கு. அதுக்குப் பிறகுதான் நான் எழுதத் தொடங்கினது. என்னைப் பற்றி நானே எழுதுவன். பிழை எண்டாலும் ஒரு வரியும் வெட்டமாட்டன்.”

கைப்பேசி வேண்டாம் என்பதற்கும் அதுதான் காரணம். மேல் வீட்டுக்காரனைக் காசு கொடுத்து வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்திருக்க முடியாது என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்களைப் போல பத்து நாட்டில் சிதறிக் கிடக்கும் குடும்பத்துக்கு இந்தப் போன் இல்லாவிட்டால் ஒருவர் முகம் ஒருவருக்கு மறந்துவிடும். அதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். வாதாடுவதற்கென்று தயாராக இருந்தவளுக்கு அது சப்பென்று போய்விட்டது.

அரசியலும் வந்தது. அவருடைய ஊரில் வெளிநாட்டவரை விரட்ட வேண்டும் என்கிற கட்சிக்குத்தான் இப்போது செல்வாக்கு. பக்கத்து வீட்டுக்காரரே அதற்குத்தான் வாக்குப் போடுகிறார். “அவர் ஏணி கேட்டால் குடுப்பன். கதைக்காமல் விட்டால் அவரை ஆர் மாத்துறது?” என்றார். நகரசபைக் கூட்டம் நடக்கும் போதெல்லாம் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்காருவாராம். ஆனால் நேசனோடு மட்டும் பொறுமை போய்விட்டது. கனடாவுக்குப் புதிதாக வருகிறவர்களை நிறுத்த வேண்டும் என்று போன ஞாயிறு நேசன் சொல்லியிருக்கிறார்.

“அகதியா வந்தவன் சொல்லுற கதையோ எண்டு கேட்டு, நான் போனை அடிச்சு வைச்சிட்டன். முதல் தரம். புதன்கிழமை ராஜியின்ர மெசேஜ். அதைச் சரிப்பண்ணத்தான் போறன்.”

காலடியில் ஒரு துணிப்பை இருந்தது. பழைய வெதுப்பகத்தில் சுட்ட கறுப்புப் பாண், அதாவது ரொட்டி, நேசனுக்கு விருப்பமானதாம். இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்கிற வழக்கத்தைக்கூட நேசன் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ரொறன்ரோவில் குடிவரவு முடிந்து வெளியே வர நாலே முக்கால். டாக்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள், போகாதீர்கள். விமானநிலைய ரயில் கால் மணித்தியாலத்துக்கு ஒன்று. இருபத்தைந்து நிமிடத்தில் யூனியன் நிலையம், பன்னிரண்டு டொலர் சொச்சம். அங்கிருந்து கிழக்கே போகும் கோ என்கிற புறநகர் ரயிலில் ஏறினால் ரூஜ் ஹில்லுக்கு முக்கால் மணித்தியாலம். அஜக்ஸ் அதற்கு இரண்டு நிலையம் தள்ளி. ஊவே இறங்க வேண்டியது ரூஜ் ஹில் என்பதால் சேர்ந்தே போனோம். அவர் மட்டும் ஆள் இருக்கிற கவுண்டரைத் தேடிப்போய்த் தாள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார். ஒரு ரயிலைத் தவறவிட்டோம். அடுத்த ரயிலின் நேரத்தைத் தேடிப் பார்த்தேன்.

வலது பக்கம் உட்காருங்கள். கில்ட்வூட் தாண்டியதும் தண்டவாளத்துக்கு அருகிலேயே ஏரி வரும். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஊவே துணிப்பையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“தங்கச்சி, இந்தப் பாணை நேசன் கடிப்பானோ? ஆஸ்பத்திரியில விடுவினமோ?”

படம் எடுப்பதை நிறுத்தினேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். வீட்டில் கேட்டால்தான் தெரியும் என்றார். விமானத்தில் கதைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறி விழுந்தது. கைப்பேசியில் நேசனின் பெயரைத் தேடினேன். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் பக்கத்தில் படமே இருந்தது. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர்கள், ஊவேயின் ஊரும் அதில் இருந்தது. இறுதிச்சடங்கு மண்டபத்தில் உடல் பார்வைக்கு இன்று மாலை ஐந்து முதல் ஒன்பது வரை, நாளை தகனம். ஊர் முழுக்கப் பார்த்திருக்கும் அதை. கைப்பேசி இல்லாத இந்த ஒருவரைத் தவிர.

சொல்லாமல் இறக்கிவிட்டால் ராஜி வீட்டு வாசலில் போய்த் தெரிந்துகொள்வார். ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாணோடு அந்த வாசலில் அவர் நிற்பதை நினைக்க முடியவில்லை.

“அண்ணை, எங்கட ஆக்கள் மோசம் போறது எண்டால், செத்துப்போறது.”

“இல்லை. மோசம் எண்டால் கூடாது. சாப்பாடு மோசம், குளிர் மோசம். நேசன்தான் சொல்லித் தந்தவன்.”

“ஓம், அதுவும் சரி. ஆனால் ஆள் மோசம் போனால், ஆள் இல்லை அண்ணை.”

அவர் என் முகத்தையே பார்த்தார். ரயில் ரூஜ் ஹில்லில் நின்றது. நானும் அவரோடு இறங்கிவிட்டேன்.

ரயில் மேடையிலிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். தங்கச்சிக்கு அடித்து, காரோடு வரச் சொன்னேன். “அக்கா, நீ எங்க போனாலும் ஒராளைப் பிடிச்சுக்கொண்டுதான் வருவாய்,” என்று தொடங்கியவள் விசயத்தைக் கேட்டதும் உடனே கிளம்பிவிட்டாள். ஊவே கொப்பியைத் திறந்து பின்பக்கமாகப் புரட்டினார்.

“புதன், வியாழன், வெள்ளி, இண்டைக்கு. நேசனுக்குக் கடுமை, ஆனால் இருக்கிறான் எண்டு எழுதியிருக்கிறன்.”

“இதையாவது வெட்டிவிடுங்கோ அண்ணை,” என்றேன். நான் சொல்லியிருக்கக் கூடாது.

“வெட்டமாட்டன். இந்த நாலு நாளும் எனக்கு அவன் இருந்தவன்.” பிறகுதான் அழுதார். நானும் அழுதேன், முகமே தெரியாத ஒருவருக்காக.

தங்கச்சியின் காரில் மண்டபத்துக்குப் போனோம். ராஜி அவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். சண்டை பற்றி ஊவே ஏதோ தொடங்க, “உந்தக் கதையை விடுங்கோ. ஞாயிறு வரட்டும், அவன் எடுப்பான், இன்னும் ரெண்டு சொல்லுவன் எண்டு சிரிச்சுக்கொண்டு திரிஞ்சவர் இவர்,” என்றார். பாணை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் படைப்பதாகச் சொன்னார்.

போகிறவர்களுக்கு: ஒக்டோபரில் ஏரிக் காற்று எலும்பில் குத்தும், கம்பளி கொண்டுபோங்கள். யூனியனில் வழி மாறினால் வெட்கப்படாமல் கேளுங்கள், மூன்றாவது ஆள் தமிழ் பேசுவார். சனி, ஞாயிறில் ரயில் நேரம் மாறும், முதல் நாளே பாருங்கள். இன்னொன்று. நீங்கள் சேர்ந்திருக்கும் வட்ஸ்அப் குழுவில் இல்லாத ஒருவர் உங்கள் வாழ்க்கையில் இருந்தால், கெட்ட செய்தியை அவருக்கு நேரே எடுத்துச் சொல்லுங்கள். செத்துப்போனார் என்றே சொல்லுங்கள். ராஜியைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நாங்கள் இரக்கப்பட்டு மறைக்கிற சொல் எங்களோடு வளராத ஒருவருக்கு எவ்வளவு கொடுமையாகும் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

அன்று இரவு நாங்கள் கிளம்பும்போது மண்டப வாசலில் தேநீரோடு நின்ற பெரியவர் ஒருவர், வெள்ளைக்காரர் தமிழ் கதைப்பதைக் கேட்டு ஆவலாக வந்தார். “எங்கால? ஜெர்மனியோ? என்ன அலுவலா கனடா வந்தனீங்கள்?”

ஊவே சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“என்ர நண்பர் நேசன் மோசம் போயிட்டார். அதுதான் வந்தனான்.”

விமானத்தில் என்னிடம் சொன்ன அதே வசனம். இந்த முறை அவருக்கு அதன் அர்த்தம் தெரிந்திருந்தது.