எடைமேடையில் ஒரு புதுப் பதிப்பு

சம்மதம் என்பதற்கான ‘ஒய்’ எழுத்தைத் தட்டுவதற்கு முன் வின்ஸ்டன் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொள்வார். கை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் துடைப்பார். “தொடரலாமா?” என்று கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் ஒரு தரம் கேட்டால், இவர் மனதுக்குள் மூன்று தரம் கேட்டுக்கொண்டுதான் சம்மதிப்பார்.

உடுமலைப்பேட்டைக்கு வெளியே, சுமை லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடும் எடைமேடையில் பதினேழு வருடமாக அவர்தான் எல்லாம். வயது ஐம்பத்திரண்டு. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருக்கும். அந்தச் சின்ன அறையின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டது அவரேதான். வைரஸ் வராது என்று சொல்லி முதலாளியைச் சம்மதிக்க வைத்தார். நிஜக் காரணம் வேறு. என்ன செய்யப்போகிறது என்பதை அது வரி வரியாகச் சொல்லிவிட்டுச் செய்கிறது. சொல்லாமல் செய்கிறவர்களை வின்ஸ்டனுக்குப் பிடிக்காது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லினக்ஸில் புதுப் பதிப்பு வரும். வந்த உடனே தொடமாட்டார். “பொறந்த அன்னிக்கே தூக்கிக் கொஞ்சக் கூடாதுங்க. தல நிக்கட்டும்.” ஆறு மாதம் காத்திருப்பார். அதற்குள் என்னென்ன மாறியிருக்கிறது என்ற அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்து முடித்திருப்பார். பேக்கப் எடுத்த பென்டிரைவ் ஒன்று சட்டைப் பையில். இன்னொன்று வீட்டில் துவரம்பருப்பு டப்பாவுக்குள். “சாம்பார் வெக்கோணும்னாக்கூட பாஸ்வேர்டு கேப்பீங்களாட்ட இருக்குது” என்பார் மனைவி ஜோவிதா.

இந்த முறை நாள் குறித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று அநேகமாக லாரி வராது. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நேராக வந்து உட்கார்ந்தார். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. அறுபது சதவீதத்தைத் தாண்டும் நேரம் பார்த்து ஒரு கொப்பரை லாரி மேடையில் ஏறி நின்றது.

இறங்கி வந்தவர் கொப்பரை வியாபாரி ராமாமணி. “ஏனுங்க தம்பி, சட்டுனு ஒரு எடை போட்டுக் குடுங்க. காங்கேயம் மில்லுக்குப் போகோணும்.”

“அப்கிரேடு ஓடுதுங்க்கா. பாதியில நிறுத்துனா மிசின் எந்திரிக்காதுங்க. இருவது நிமிசம்னு போட்டிருக்குது.”

“வெளிய எடை காட்டற செவப்பு நம்பரு நல்லாத்தான எரியுது? பாத்து எழுதிக் குடுங்க.”

“கையில எழுதுன சீட்ட மில்லுல வாங்க மாட்டாங்களே.”

அது ராமாமணிக்கும் தெரியும். பக்கத்து எடைமேடைக்கோ அன்று விடுமுறை. ஆனைமலைப் பக்கம் வானம் கருத்து இறங்கிக்கொண்டிருந்தது. லாரியின் தார்ப்பாயில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். கொப்பரை நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மில்லில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காங்கேயத்துப் பக்கம் மட்டும் இன்னும் வெயில் அடித்தது. மழைக்கு முன்னால் கிளம்பினால் தப்பிக்கலாம்.

இருபது நிமிடம் நாற்பதாயிற்று. ராமாமணி வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். ஒருவழியாகக் கம்ப்யூட்டர் அணைந்து, புது நிறத்தோடு எழுந்தது. “ஜம்முனு வந்திருச்சுங்க்கா!” என்று வின்ஸ்டன் திரும்பிச் சிரித்தார். திரும்பவும் திரையைப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. எடை வர வேண்டிய கட்டத்தில் பூஜ்ஜியம். வெளியே சிவப்பு எண்கள் பன்னிரண்டாயிரத்து நானூறு கிலோ என்கின்றன. கம்ப்யூட்டரைக் கேட்டால் மேடையில் ஒன்றுமே இல்லை.

“இத்தாப் பெரிய லாரி நிக்குது. உங்க மிசினுக்குக் கண்ணு தெரியலீங்களா?” என்றார் ராமாமணி.

வின்ஸ்டன் செல்போனை எடுத்துத் தேடினார். இதே தொல்லையில் மாட்டிய யாருக்கோ, எங்கோ ஒரு நாட்டில் இருந்த ஒருவர் இணையத்தில் பதில் எழுதியிருந்தார். அதை இரண்டு முறை படித்தார். பிறகு அவரையும் மீறிச் சிரித்துவிட்டார்.

“அக்கா, கண்ணு தெரியாதவங்க வெரல்ல தடவிப் படிக்கற மிசின் இருக்குதல்லங்க, அதுக்குன்னு ஒரு புரோகிராம் புதுசா வந்திருக்குது. நம்ம எடைமேடை ஒயரப் பாத்ததும் தன்னோட மிசினுதான்னு கெட்டியாப் புடிச்சுக்கிச்சு.”

“நல்ல மனசுதான். ஒயர உட்டுப்போட்டு ஓரமா நிக்கச் சொல்லுங்க, சாமி!”

கட்டளையைத் தட்டி அந்தப் புரோகிராமை நீக்கினார். ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். தகரக் கூரையில் முதல் துளி விழுந்த சத்தமும் கட்டத்தில் எடை வந்து உட்கார்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. பிரிண்டர் கறகறத்தது. சீட்டைக் கிழித்துக்கொண்டு ஓடிய ராமாமணி, செருப்பில் ஒன்று கழன்றதைக்கூடப் பார்க்காமல் லாரியில் ஏறினார்.

மதியம் காங்கேயத்திலிருந்து போன் வந்தது. “நனையாமக் கொண்டாந்து சேத்திப்போட்டேன் தம்பி. அடுத்த வாட்டி எனக்கொரு வார்த்த சொல்லிப்போட்டுப் பண்ணுங்க.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வின்ஸ்டன் அந்த இணையப் பக்கத்தை மறுபடி திறந்தார். பதிலுக்குக் கீழே ஆங்கிலத்திலும் பெயர் தெரியாத மொழிகளிலுமாக வரிசையாக நன்றிகள். தம் பெயரைப் பதிவு செய்துகொண்டு, ஒற்றை விரலால், தமிழிலேயே அடித்தார்:

“கொப்பரை லோடு நனையாமப் போய்ச் சேந்துருச்சுங்க. ரொம்ப நன்றிங்க.”