பைக்கர் சலூனில் ஒரு சண்டர்லாண்ட் நாக்கு

ரே பர்விஸுக்கு ஒரு இடத்தில் கால் நிற்காது. நியூகாசிலில், பைக்கர் தெருவில் சலூன் வைத்திருப்பவன் அவன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பான். என்ன சுறுசுறுப்பு என்று தெருவே மெச்சியது. சுறுசுறுப்பாவது மண்ணாவது. மனுஷன் பயத்தில் நடந்துகொண்டிருந்தான்.

பயம் அவனுடைய நாக்கைப் பற்றித்தான். ரே பிறந்து வளர்ந்தது சண்டர்லாண்டில். மெட்ரோ ரயிலில் ஏறி உட்கார்ந்தால் பேப்பரைப் புரட்டி முடிப்பதற்குள் அந்த ஊர் வந்துவிடும். இரண்டு ஊர்க்காரர்களையும் லண்டன்காரன் முன்னால் நிறுத்திப் பேசவிட்டால் அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஒருவன் "வா" என்று கூப்பிட்டாலே எந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவன் என்று சொல்லிவிடுவோம். சொன்னதோடு விடவும் மாட்டோம். இரண்டு ஊர் கால்பந்து அணிகளும் மோதும் வாரத்தில் சொந்தச் சித்தப்பா மகனானாலும் முகம்கொடுத்துப் பேசமாட்டோம்.

இளவட்டமாக வேலை தேடி வந்தபோது அப்போதைய முதலாளி ஹெப்பிள், "எந்தப் பக்கம்ப்பா நீ?" என்று கேட்டார். அவர் தலைக்கு மேலே நியூகாசில் அணியின் கறுப்பு வெள்ளை மஃப்ளர், சாமி படம் மாதிரி சுவரில் மாட்டியிருந்தது. ரே "டர்ஹாம் பக்கம்" என்றான், இந்தச் சண்டையில் சேராத ஊர். வேலைக்காகச் சொன்ன ஒரு பொய், அவ்வளவுதான். அப்புறம் ஹெப்பிளின் மகள் டெனீஸைக் கட்டிக்கொண்டான். பொய்யும் கூடவே குடிவந்துவிட்டது. டெனீஸுக்கு மட்டும் உண்மை தெரியும். "எங்கப்பா காதுல விழுந்துச்சு, கல்யாணம் நின்னுபோகும். வாயப் பொத்திக்கிட்டு இரு" என்றாள். அப்பா போய்ச் சேர்ந்தார். கடை ரேயின் கைக்கு வந்தது. பொய்யை இறக்கிவைக்க மட்டும் ஒரு நல்ல நாள் அமையவேயில்லை.

பாவம், அந்தப் பொய்யோடு அவன் பட்ட பாடு. போதையில் நாக்கு அவிழ்ந்துவிடும் என்று ஒரு கிளாஸ் பியருக்கு மேல் தொடமாட்டான். கத்தரிக்கோல் விரலில் பட்டால் பல்லைக் கடித்துக்கொள்வான், வலியில் வாயில் வருவது பிறந்த ஊர்ப் பேச்சாயிற்றே. கோல் விழுந்தால் ஊரே கத்தும்போது இவன் கை மட்டும் தட்டுவான். தூக்கத்தில் உளறினேனா என்று காலையில் எழுந்ததும் டெனீஸைக் கேட்பான்.

முதலில் எல்லாம் அம்மாவைப் பார்க்க ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தான். ரயில் டைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வாயை மாற்றிக்கொள்வான். வரவர அது லேசில் மாறவில்லை. அம்மாவின் அடுக்களையில் ஒவ்வொரு வார்த்தையும் ஒரு நொடி தாமதித்து வந்தது. தம்பி கிளிஃப், "என்ன அண்ணே, துரை வீட்டு விருந்தாளி கணக்கா யோசிச்சு யோசிச்சுப் பேசுதே" என்று சிரித்தான். வீடு திரும்பும்போது ரேக்குத் தலை வெடிக்கும். போக்குவரத்து கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்று சுருங்கியது. பிறகு டெனீஸ் எழுதி அனுப்பும் வாழ்த்து அட்டை மட்டும்தான். அம்மா வீட்டிலிருந்து கடைக்குப் போன் வந்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிடுவான். ஆட்கள் இருக்கும்போது எந்த நாக்கில் பேசுவது? ஊர்ப் பேச்சு எங்கே போய்விடப்போகிறது, உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஒருநாள் உட்கார்ந்து அம்மாவிடம் ஆசைதீரப் பேசிக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

மறுநாள் இரண்டு ஊருக்கும் மேட்ச் என்றிருந்த ஒரு சனிக்கிழமை காலை, பெஞ்சு நிறைய ஆட்கள். கதவைத் தள்ளிக்கொண்டு கிளிஃப் உள்ளே வந்தான். ரேயின் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடி வழியாகத் தம்பியைக் கெஞ்சுகிற பார்வை பார்த்தான். கிளிஃப் சுவரில் இருந்த மஃப்ளரைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான். நாற்காலி காலியானதும் பேசாமல் வந்து உட்கார்ந்தான்.

"முடிய கொஞ்சம் கொறைக்கணும் அண்ணாச்சி."

அவ்வளவு போதாதா? கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற டாம் ரட்டர் பெஞ்சிலிருந்து நிமிர்ந்தார்.

"கதவச் சாத்துங்கப்பா. சண்டர்லாண்ட் வாடை அடிக்குது." கடை சிரித்தது. "ஏன்ப்பா, அங்கிட்டு இன்னும் கத்தரிக்கோலே கண்டுபிடிக்கலையா?"

"கண்டுபிடிச்சாச்சு வே. நாளைக்கு உங்க ஆளுவளுக்கு வால வெட்டணும்லா, அதுக்குத் தீட்டிட்டு இருக்காவ."

"கொழுப்பப் பாருய்யா. ரே, அந்தக் காத கொஞ்சம் நறுக்கி விடுப்பா."

ரே துணியைப் போர்த்தினான். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். "ரெண்டு காதையும் எடுத்துர்றேண்ணே, அங்கிட்டுக் காதுக்கு என்ன வேலை" என்றான். கடை குலுங்கியது. சொன்ன வாயை அவனுக்கே கிழித்துப்போடலாம் போல இருந்தது.

கிளிஃப் சிரிக்கவில்லை. "வெட்டுங்க அண்ணாச்சி. இங்க ஒரு சோலியா வந்தேன். முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவணும். அம்மைக்கு முடியல. இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லுதாரு."

சிரிப்பு நின்றது. எங்கள் சண்டையெல்லாம் அந்த வாசலோடு சரி. டாம் தொப்பியைக் கழற்றினார். "தப்பா எடுத்துக்காதப்பா. கூட ஆள் இருக்காகளா?"

"நானும் எம் பொண்டாட்டியும் இருக்கோம். அண்ணன் ஒருத்தன் உண்டு. அவனுக்குப் போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுபோச்சு. அம்மைக்குக் கண்ணு தெரியாது பாத்துக்கிடுங்க. காலடி கேட்டா போதும், அவன் வந்துட்டானான்னு கேக்கா."

"அவனெல்லாம் ஒரு மனுசனா?" டாமுக்கு முகம் சிவந்துவிட்டது. "பெத்தவ இழுத்துக்கிட்டுக் கெடக்கா, போன எடுக்க வலிக்குதாமா அந்த நாய்க்கு? நீ சொல்லு ரே. அவன் செய்யிறது நியாயமா?"

கிளிஃபின் தலையில் ஒரு பக்கம் வெட்டி முடிந்திருந்தது. ரே சீப்பை மேஜைமேல் வைத்தான்.

"எந்திரிலே கிளிஃப்" என்றான். "அம்மையப் பாக்கப் போவோம்."

டாம் தன் தொண்டையைத் தடவிக்கொண்டார். "இத்தன வருசமா என் கழுத்துல கத்தி வச்சவன் சண்டர்லாண்ட்காரனா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? கோட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பு. கடைய நான் பூட்டுறேன். திட்டுறத வந்தப்புறம் திட்டிக்கிறேன்."

ரயிலில் கிளிஃபின் அரைகுறைத் தலையை எல்லோரும் பார்த்தார்கள். அவன் தொப்பி போடவில்லை. ரே உட்காராமல் கதவுக்கும் இருக்கைக்கும் நடந்தபடி, உதட்டுக்குள் பழைய பேச்சைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். எல்லாம் வந்தது. பாலத்தைத் தாண்டியபோது அவனுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கடையில் அப்படிச் சட்டென்று வந்ததே, எங்கும் தொலைந்துபோகவில்லை, பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் அம்மா ஒரு கைப்பிடியாகச் சுருங்கிக் கிடந்தாள். ரே குனிந்து அவள் கையைப் பிடித்தான்.

"என்னம்மா செய்யுது? ரொம்ப நோவுதா?"

சத்தம் வந்த பக்கம் அவள் முகத்தைத் திருப்பினாள். இன்னொரு கையால் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, வெளியாட்களிடம் பேசும் மரியாதைக் குரலில் கேட்டாள்.

"ஐயா நியூகாசில் பக்கமோ? பேச்சுல தெரியுது. எம் மூத்தவன் அங்கனதான் கடை வச்சிருக்கான். ரே பர்விஸுன்னு பேரு. எங்கயாவது பாத்தா, அம்மை கேட்டான்னு சொல்லுவியளா?"

"நாந்தாம்ம ரே. வந்துட்டேன்லா." ரயிலில் சொல்லிப் பார்த்தபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். சொல் எல்லாம் சண்டர்லாண்டுதான். ராகம் பைக்கர் தெரு. அவன் காதுக்கே கேட்டது.

அவள் அவன் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"நல்ல மனசு ஐயா உங்களுக்கு. ஆனா எம்புள்ள பேச்சு எனக்குத் தெரியாதா?"