ஜெயிலில் இரண்டு மெயில்

தண்ணீர் பம்பு விற்கும் அந்தக் கம்பெனியில் மின்னஞ்சல் சர்வரைக் கட்டிக் காப்பவளுக்குத் 'தபால்காரி' என்று பெயர். யார் வைத்ததோ, ஒட்டிக்கொண்டது. கடவுச்சொல்லை மறந்தவர், மெயில் வரவில்லை என்று குதிப்பவர், குப்பை மெயிலில் மூழ்கியவர் எல்லோரும் அவள் மேஜைக்குத்தான் வருவார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாட்களில் மட்டும் அவள் ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது.

அதே கம்பெனியில் சின்னவளும் இருந்தாள். தபால்காரியின் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. சின்னவளுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே தபால்காரிதான். மாமியாரின் நச்சரிப்பு தாங்காமல் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். வந்து சேர்ந்தவளோ கணினிப் பாதுகாப்புப் பிரிவில் கிடுகிடுவென வளர்ந்து, மேனேஜர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போகும் ஆளாகிவிட்டாள். சின்னவள் கம்ப்யூட்டர் திருடர்களைப் பிடிக்கிறாள் என்று மாமியார் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். பெரிய மருமகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "அவளும் அங்கதான் இருக்கா" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அந்த 'அங்கதான்' தபால்காரியின் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது. அதை எடுக்க ஒரே வழிதான் இருந்தது. மின்னஞ்சல் பிரிவுக்குத் தலைமைப் பதவி ஒன்று வரப்போவதாகப் பேச்சு. சர்வரின் இருமலும் தும்மலும் தெரிந்தவள் அவள். அவளை விட்டால் யார் என்று மனதுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தே விட்டாள். சின்னவள் அந்த நாற்காலியின் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர், மெயில் அமைப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சோதிக்கச் சொன்னார். சோதிப்பவள் சின்னவள், சோதிக்கப்படுவது தபால்காரியின் சர்வர். தன் சமையலறையில் இன்னொருத்தி டப்பாக்களைத் திறந்து மோந்து பார்ப்பதைப் போல இருந்தது அவளுக்கு.

சோதனைக்கென்றே ஒரு பொய் வைரஸ் உண்டு. பல்லில்லாத பாம்பு, யாரையும் கடிக்காது, ஆனால் கண்டதும், வருகிற மெயிலைச் சலிக்கும் ஃபில்டர் கூச்சல் போட வேண்டும். சின்னவள் அதை வெறுமனே அனுப்பினாள், ஃபில்டர் பிடித்தது. மூட்டை மாதிரி சுருக்கிக் கட்டும் ஜிப் கோப்பில் போட்டு அனுப்பினாள், பிடித்தது. ஜிப்புக்குள் ஜிப், அதற்குள் இன்னொரு ஜிப் என்று சுற்றி அனுப்பியபோது பாம்பு ஜம்மென்று உள்ளே வந்து படுத்துக்கொண்டது.

கூட்டத்தில் சின்னவள் சிரித்த முகமாகச் சொன்னாள்: "அக்கா ரொம்ப நல்லா வெச்சிருக்காங்க சார். ஒரே ஒரு ஓட்டைதான். பத்து நிமிஷ வேலை."

திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பாள். பாராட்டிவிட்டாளே என்றுதான் வயிறு பற்றி எரிந்தது. ஓட்டையை அன்றைக்கே அடைத்தாள். அடைத்ததைச் சின்னவளிடம் சொல்லவில்லை.

அடுத்த கட்டம் தூண்டில் மெயில். ஊழியர்களுக்குப் போலி மெயில் அனுப்பி, யார் ஏமாந்து இணைப்பை அழுத்துகிறார்கள் என்று பார்ப்பது. மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, உடனே அழுத்தவும் என்று வந்ததைக் கணக்குப் பிரிவுக்காரர் அழுத்தினார். அழுத்தியதோடு நிற்காமல், பெட்டி இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது என்று தபால்காரியிடம் புகாரும் செய்தார். அவளோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பிடிக்க என்ன தூண்டில் வருமோ என்று காத்திருந்தாள்.

வந்தது. 'மின்னஞ்சல் பிரிவுத் தலைமைப் பதவிக்கான நேர்காணலுக்கு உங்கள் பெயர் தேர்வாகியுள்ளது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கீழுள்ள இணைப்பில் சம்மதம் தெரிவிக்கவும்.' அனுப்பியது கம்பெனி முகவரி இல்லை, ஏதோ வெளி நிறுவனம். அவசரம், அந்நிய முகவரி, அழுத்தச் சொல்லும் இணைப்பு. பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு தூண்டில்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. தன் ஆசை இன்னதென்று சின்னவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு அதையே புழுவாகக் கோத்திருக்கிறாள். இருக்கட்டும் என்று, அந்த நிறுவனத்திலிருந்து இனி யாருக்கும் எதுவும் வராதபடி கம்பெனி முழுவதற்கும் தடை போட்டாள். தடுக்கப்பட்ட மெயில்கள் ஒதுங்கும் இடத்துக்கு ஆபீசில் 'ஜெயில்' என்று பெயர். அங்கே கிட என்று சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சின்னவள் அவள் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, எனக்கு வர வேண்டிய மெயில் ஒண்ணு வரல. கொஞ்சம் பாக்கறீங்களா? ஏதோ இன்டர்வியூவாம். நேர்காணல் வேலையை எச்.ஆர். வெளியில யாருக்கோ குடுத்துட்டாங்களாம். இப்பதான் போன்ல சொன்னாங்க."

"யார்யாருக்கு வந்திருக்காம்?"

"நம்ம ரெண்டு பேருக்கும்தான். உங்களுக்கு வந்துச்சா?"

பார்த்துச் சொல்வதாகத் தபால்காரி முனகினாள். சின்னவள் போனதும் ஜெயிலைத் திறந்தாள். தன் பெயருக்கு நினைவூட்டல் ஒன்று. சின்னவள் பெயருக்கு அழைப்பு ஒன்று. அக்கம்பக்கமாகப் படுத்திருந்தன.

தன்னுடையதை விடுவித்தாள். சம்மதத்தை அனுப்பினாள். மற்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். மாலையில், தேடினேன், எதுவும் சிக்கவில்லை என்று சொன்னால் தீர்ந்தது. உலகத்தில் எத்தனையோ மெயில் காணாமல் போகிறது.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிரின்டருக்குக் காகிதம் வைத்தாள். கணக்குப் பிரிவுக்காரருக்குக் கடவுச்சொல் மாற்றிக் கொடுத்தாள். மெயில் அங்கேயேதான் கிடந்தது. தடை போட்டது யார், எப்போது என்பதெல்லாம் சர்வரில் பதிவாகியிருக்கும். அதைத் தோண்டத் தெரிந்தவளும் சின்னவள்தான். அந்தப் பயம் பாதி. இத்தனை வருஷத்தில் ஒருவருக்கு வந்த மெயிலைத் தெரிந்தே அமுக்கியவள் என்ற பெயர் தனக்கில்லை என்பது மீதி. இரண்டில் எது அதிகம் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் விடுவித்துவிட்டாள். விடுவிக்கும்போது சின்னவளை மனதார ஒரு திட்டும் திட்டினாள்.

அடுத்த வாரம் நேர்காணல் முடிந்து பதவி தபால்காரிக்கே கிடைத்தது. போட்டியில் வேறு யாரும் இல்லை என்றார் மேனேஜர். அந்தச் சொல்லில் பாதி சந்தோஷம் போய்விட்டது. நேராகச் சின்னவளிடம் போனாள்.

"நீ ஏன் சம்மதம் குடுக்கல?"

"எனக்கு எதுக்குக்கா அது? ஓட்டை தேடறதுதான் எனக்குப் புடிச்சிருக்கு. அடைச்சுக்கிட்டு ஒரே எடத்துல உக்கார எனக்குப் பொறுமை கெடையாது."

"எனக்காக விட்டுக் குடுத்தியா?"

"நீங்க வேற. வேணும்னு தோணியிருந்தா விட்டிருப்பேனா?"

அதில் பொய் இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அதுதான் இன்னும் கொதித்தது. தான் வருஷக்கணக்காக ஏங்கியதை இவள் பஸ்ஸில் காலி சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்று மாலை வீட்டில் தபால்காரியின் கணவன் முதலில் வாழ்த்தினான், பிறகு முகத்தைப் பார்த்தான். கிடைத்த பிறகும் ஏன் இப்படி என்று கேட்டான்.

"உங்க தம்பி பொண்டாட்டி வேணாம்னு விட்டதுதான் எனக்கு வந்திருக்கு."

"அவ வேணும்னு எடுத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பியா?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தலைமைப் பதவியில் அவள் போட்ட முதல் உத்தரவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயில் அமைப்பைச் சோதிக்க வேண்டும் என்பது. சின்னவளே சோதிக்க வேண்டும் என்று குறிப்பாக எழுதினாள். அவள் எப்படிச் சுற்றி அனுப்பினாலும் பிடித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு ஒரு முறையாவது வயிறு எரிய வேண்டும்.

உத்தரவைப் படித்துவிட்டுச் சின்னவள் எழுந்து நின்றாள். மேனேஜரும் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, "சரிங்க மேடம்" என்றாள்.

வீட்டில் அக்கா, ஆபீசிலும் அக்கா என்றே கேட்டுப் பழகிய காது அது. தபால்காரி சட்டென்று திரும்பித் தன் இடத்துக்கு நடந்தாள். முகத்தில் வந்துவிட்ட சிரிப்பை அந்தப் பெண் பார்த்துவிடக் கூடாது.