ஐந்தாவது வருடம்

என் கணவர் வெர்ன் கச்சாலா பாதி நாள் கனவிலேயே இருப்பார். காபியில் உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு ஆர்லீன்" என்பார். இப்படிப்பட்டவரிடம்தான் டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணி, எந்த ஆட்டக்காரனுக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவுசெய்யும் வேலையைக் கொடுத்திருந்தது. அவர்கள் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த ஆகஸ்டில் கேள்வி ஜெரிக் மேபெரி என்ற ஆட்டக்காரனைப் பற்றியது. போன சீசனுக்கு முன்னால் அவன் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. போன சீசனில், பந்தை எங்கே வீசினாலும் எம்பிப் பறித்துக்கொண்டு ஓடினான். ஊரே அவன் பின்னால் பைத்தியமாகத் திரிந்தது. இப்போது புது ஒப்பந்தம் வரும்வரை பயிற்சிக்கு வருவான், ஆனால் ஆட மாட்டான். வராவிட்டால் அபராதம், ஆடும்போது கால் உடைந்தால் எதிர்காலமே போச்சு. அதனால் சட்டையோடு சேர்ந்த தொப்பியால் தலையை மூடிக்கொண்டு மைதான ஓரத்தில் நிற்பான். ஈரி ஏரியிலிருந்து பனிமூட்டம் வரும். அவன் அதில் கொஞ்சம் கொஞ்சமாக மறைவான், பிறகு தெரிவான்.

"ஒரே ஒரு வருஷம் ஆடினவனுக்குக் கஜானாவைத் தொறந்து விடணுமா?" என்றார் முதலாளி.

வெர்ன் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தார். அவன் பந்து பிடித்ததை அல்ல. பந்து வேறொருவனுக்குப் போன இடங்களை மட்டும். கண் பாதி மூடியிருந்ததால் தூங்குகிறார் என்று நினைத்தேன். ஒரு காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி சொன்னார்: "வருஷத்துக்கு ரெண்டு கோடியே நாப்பது லட்சம் டாலர். நாலு வருஷம்."

"அதெப்படி?"

"பந்து தன்கிட்ட வராதுன்னு தெரிஞ்சும் முழு வேகத்துல ஓடுறான் ஆர்லீன். அது அதிர்ஷ்டம் இல்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. முதலாளியும் ஒத்துக்கொண்டார்.

ஜெரிக்கின் ஏஜென்ட் லாண்ட்வெர் ஒத்துக்கொள்ளவில்லை. வருடத்துக்கு மூன்று கோடி என்று செய்தியில் வந்தால்தான் அவர் மற்ற ஏஜென்ட்டுகள் முன்னால் மீசையை முறுக்க முடியும். இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது வருடம் என்று ஒன்றை ஒட்டி, அதில் ஐந்து கோடி நாற்பது லட்சம் என்று எழுதுவார்கள். சராசரி மூன்று கோடி ஆகிவிடும். அந்த வருடம் பிறக்கும் முன்பே, அந்தப் பணத்தைக் கொடுக்காமலே, ஆளை அணியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அது இரு தரப்புக்கும் தெரியும், ஆடுகிறவனுக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. ஞாயிறு மதியம் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த வெர்ன், "அஞ்சாவது வருஷம் வெறும் காகிதம்" என்று முனகியபோதுதான் எனக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை, சர்ச் கூடத்தில் வழக்கமான மீன் வறுவல். என் பக்கத்தில் ஜெரிக்கின் அம்மா ஓடெஸ்ஸா வந்து உட்கார்ந்தார். மிசிசிப்பியிலிருந்து இங்கே வீடு பார்க்க வந்திருந்தார்.

"அஞ்சு வருஷம், மிஸ் ஆர்லீன்! பையன் தனியா இருந்தா வெறும் சிப்ஸைத் தின்னே செத்துடுவான். ஊர் வீட்டை வித்துடறேன். திங்கக்கிழமை வாங்கறவங்க கையெழுத்துப் போட வராங்க."

"அங்க உங்களுக்கு யாரெல்லாம் இருக்காங்க?"

"எல்லாரும்தான். என் பாட்டுக்குழு இருக்கு. வீட்டுக்காரர் கல்லறையும் பக்கத்துத் தெருதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மீன் தட்டைத் தள்ளி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து வெர்னைப் பிடித்துக்கொண்டேன். "அந்தப் பொம்பளை இல்லாத வருஷத்தை நம்பி இருக்கற வீட்டை விக்குது!"

"ஏஜென்டைத் தாண்டி நான் பையன்கிட்ட பேசக் கூடாது. வேலை போயிடும்."

"கையெழுத்துப் போடற மேஜையில அவனே கேட்டா?"

"கேட்டா சொல்லுவேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

மறுநாள் ஊருக்குத் திரும்பிய ஓடெஸ்ஸாவுக்கு விமான நிலையத்தில் காபி வாங்கிக் கொடுத்தேன். கூடவே, பையன் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியையும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மேஜையில் பேனாவைக் கையில் எடுத்த ஜெரிக் கேட்டானாம்: "மிஸ்டர் வெர்ன், நாலாவது வருஷம் என் கால் உடைஞ்சா அஞ்சாவது வருஷப் பணத்துல எனக்கு எவ்வளவு வரும்?"

"அதெல்லாம் நாம பேசி முடிச்சாச்சே தம்பி," என்றார் லாண்ட்வெர்.

"நான் உங்களைக் கேக்கல."

"ஒண்ணும் வராது," என்றார் வெர்ன். "கால் உடையலைன்னாலும் வராது. அதுக்கு முன்னாடியே உன்னை அனுப்பிடுவோம்."

 ஜெரிக் ஐந்தாவது வருடத்தை அடித்துவிடச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடும் முன் போனை எடுத்தானாம்.

"அம்மா, வீட்டை வித்துட்டியா?"

"வாங்கறவங்க வாசல்ல நிக்கறாங்கடா, மணி அடிக்கறாங்க."

"கதவைத் தொறக்காதம்மா," என்றான்.  "நான் எங்க வேணா போவேன், யார் வேணா அனுப்பட்டும். திரும்பி வர்றதுக்கு அந்த வீடு இருக்கட்டும்."