உம்மே ஹானி ஊன்றிய மருதாணி

மேற்கு மாம்பலத்தில் எங்கள் பழைய குடியிருப்பின் மொட்டை மாடியில் ஒரு மருதாணிச் செடி இருந்தது. வளர்த்தவர் பக்கத்து வீட்டு ஜைதூன் பீ. புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பது அவருக்குத் தொழில். அந்தச் செடியைக் குச்சியாக டிரம்மில் ஊன்றியவள் அவர் மகள் உம்மே ஹானி. என்னோடு ஆறாம் வகுப்பு படித்தவள்; அந்த வருடமே டெங்குவில் இறந்துபோனாள். அதன்பின் செடிக்கு ஒருநாளும் தண்ணீர் தவறியதில்லை. பூத்தால் தேனீக்கள் மொய்க்கும். பக்ரீத்தோ தீபாவளியோ, எல்லா வீட்டுப் பெண்களும் இலை பறிப்போம். அவர் யாரையும் தடுத்ததில்லை.

இந்த மே மாதம் கட்டடத்தை இடிப்பதற்காக எல்லோரும் காலி செய்தோம். நாங்கள் அடுத்த தெருவுக்குப் போனோம். ஜைதூன் பீ வடபழனிக்கு. சாமான் ஏற்றிய அன்று செடியை மட்டும் அவர் தொடவிடவில்லை. கிளையில் தேன்சிட்டின் கூடு தொங்கியது. உள்ளே இரண்டு குஞ்சுகள்.

“அம்மீ, வண்டிக்காரன் கத்திக்கினு கீறான். கூட்டோடவே தூக்கிடலாம்” என்றான் அவர் மகன் சஃப்வான்.

“இரை எடுக்கப் போனவ திரும்பி வந்து எங்கடா தேடுவா?”

சஃப்வான் மற்ற சாமான்களைத் தூக்கப் போனான்.

“இன்னா பெரீம்மா, குருவிக்கு வாடகை நீ கட்டுவியா?” என்றார் இடிப்பவர்கள் காவலுக்கு வைத்திருந்த வெள்ளைச்சாமி.

“புண்ணியம் வரும். நீயே வாங்கிக்கோ.”

சிரித்துவிட்டு, பத்து நாள் விட்டுக்கொடுத்தார்.

மாடியில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். ஜைதூன் பீ தினமும் இரண்டு பாட்டில் தண்ணீரோடு பஸ்ஸில் வந்து போனார். அடுத்த தெருவில் இருந்த நானே ஊற்றியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் குஞ்சுகள் பறந்தன. மறுநாள் சஃப்வான் தூக்கினால் டிரம் அசையவில்லை. தண்ணீர் வடிய அடியில் போட்ட ஓட்டைகள் வழியாக வேர் இறங்கி, மாடித் தட்டோடுகளின் இடுக்கில் புகுந்திருந்தது. இடிக்கும் ஆட்கள் கீழே காத்திருந்தார்கள். கடப்பாரையால் நெம்பினான்.

“மெதுவா... மெதுவாடா” என்றார் ஜைதூன் பீ. அடியில் வேர் முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கத்திரி வெயில் வேறு. வடபழனி போன நான்கே நாளில் இலைகள் தொங்கின. ஒடித்து நட்ட குச்சிகளும் கருகின. பிழைக்காது என்று முதலில் சொன்னவர் அவர்தான். இலைகள் காய்வதற்குள் எல்லாவற்றையும் உருவி அரைத்து, பழைய குடியிருப்புப் பெண்களை வரச் சொன்னார். பக்ரீத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆறு பேர் போனோம். அவரே உள்ளங்கையில் வட்டமிட்டு, ஒவ்வொரு நகத்துக்கும் தொப்பி வைத்தார்.

“ஆட்டாதே கழுதை. உன்னையாட்டம்தான் அவளும், ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா” என்றார் என் கையைப் பிடித்தபடி.

உம்மே ஹானி போனபின் அவளைப் பற்றி அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

“உங்களுக்கு வெச்சுக்கலையா?” என்றேன். காலிக் கிண்ணத்தைக் காட்டினார். எங்களுக்கு வைத்ததிலேயே அவர் விரல் நுனிகள் சிவந்திருந்தன.

இத்தனை வருடம் பறித்தும் ஒருமுறைகூட நான் நன்றி சொன்னதில்லை. அன்றும் சொல்ல வாய் வரவில்லை. இப்போது ஆகஸ்ட். உள்ளங்கைச் சிவப்பு எப்போதோ போய்விட்டது. நக நுனியில் ஒரு கீற்று மட்டும் மிச்சம். நகத்தை வெட்டச் சொல்லி அம்மா திட்டுகிறார். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.