மவுஸ் நகர்ந்தால் நிறம் மாறிய புடவை

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் நாங்கள் புடவை டிசைன் சாஃப்ட்வேர் விற்றுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலை, பட்டு வியாபாரி ஒருவர் போன் செய்தார்.

"சார், ஜல்தி வாங்க! அரக்குப் புடவை காட்டிகினு இருக்கேன், மவுஸ நகத்தினா பாசிப்பச்சை ஆயிடுது. வந்தவாசிலேர்ந்து வந்த பொண்ணு வூட்டுக்காரங்க கெளம்பறேன்றாங்க."

எங்கள் புரோகிராமர் கலைவாணியை அழைத்துக்கொண்டு ஓடினேன்.

அன்றைய கம்ப்யூட்டர் திரையில் ஒரே நேரத்தில் 256 நிறங்கள்தான் தெரியும். எங்கள் புரோகிராம் அத்தனையையும் தன் தனி பேலட்டுக்கு, அதாவது தனக்கான நிறப் பட்டியலுக்கு, எடுத்துக்கொள்ளும். திரையில் திறந்திருக்கும் ஜன்னல்களில் எதன் பேலட்டைப் போடுவது என்று தீர்மானிப்பது விண்டோ மேனேஜர் என்ற இன்னொரு புரோகிராம். எங்கள் ஆபீஸில் இருந்தது, ஜன்னலை க்ளிக் செய்தால்தான் பேலட்டை மாற்றும். கடையில் இருந்ததோ, மவுஸ் பக்கத்து ஜன்னலுக்குள் நுழைந்தாலே மாற்றிவிடும்; உடனே எங்கள் புடவைக்கு அந்த ஜன்னலின் நிறங்கள் வந்துவிடும்.

"நம்ம ஆபீஸ் விண்டோ மேனேஜரையே இங்கயும் போட்டுடலாமே" என்றேன்.

"அடுத்த கடையில வேற ஒண்ணு இருக்கும் சார். அங்கயும் போய் மாத்திகினு இருக்க முடியுமா?" என்ற கலைவாணி, வியாபாரியிடம் திரும்பினாள். "அண்ணே, ஒரு புடவைக்கு எத்தினி கலர் நூலுங்க?"

"மிஞ்சிப்போனா பத்து."

"பத்து கலருக்கு எரநூத்தி அம்பத்தாறையும் நாம ஏன் சார் புடிச்சிகினு இருக்கணும்?"

அசந்துபோனேன். வியாபாரி பெண்வீட்டாரைச் சாப்பிட அனுப்பிவைத்தார். கலைவாணி கடையிலேயே உட்கார்ந்து, தனி பேலட்டை நீக்கினாள். எல்லா ஜன்னல்களும் பகிர்ந்துகொள்ளும் பொது பேலட்டில், நூல் நிறங்களுக்கு மட்டும் இடம் கேட்கும்படி புரோகிராமை மாற்றினாள்.

சாப்பிட்டு வந்த கல்யாணப்பெண் மவுஸைத் தானே வாங்கித் திரை முழுக்க ஓட்டிப் பார்த்தாள். அரக்கு அரக்காகவே நின்றது.

"நெசமாவே இந்தக் கலர்லதான் வருமா?"

"நூலையே எடுத்தாந்து காட்றேம்மா" என்று வியாபாரி எழுந்தார்.

அதன்பின் எத்தனையோ விண்டோ மேனேஜர்கள் வந்தன. எதிலும் அந்தப் புரோகிராம் தகராறு செய்யவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: திரை எல்லோருக்கும் பொது. உங்கள் வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அவ்வளவு மட்டும் எடுங்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் கலைவாணி.