பிடியரிசிக்குச் சொந்தக்காரிகள்

எங்கள் சபையில் என்னைப் பற்றி இன்றும் ஒரு குறை சொல்லப்படுகிறது. ஆராதனை முடிவதற்கு முன்பே, கோயிலுக்குள், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்று மூப்பரை எதிர்த்துப் பேசினேன் என்பது. குறை சொல்கிறவர்கள் நான் என்ன பேசினேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்குக் கண்ட்ரோல் வந்திருந்தது. திருத்தணியில் ரயில் பாதைக்கு அப்பால் எங்கள் தெரு. தெருக் கோடியில் பாதி ஓடும் பாதிக் கூரையுமாக எங்கள் வேதக்கோயில். தெருவில் பெரும்பாலோர் வயல் கூலிகள். கோடையில் ஏரி வற்றி வயல் வெடித்துக் கிடக்கும்போது கூலி கிடைக்காது. சிலர் தண்டவாள கேங்கில் வேலை செய்தார்கள். அந்த கேங்குக்கு மேஸ்திரியாக இருந்தவரே எங்கள் சபைக்கு மூப்பர். மாதச் சம்பளமும், ரயில்வே தானியக் கடையில் அளந்து வாங்கும் உரிமையும் இருந்த ஒரே வீடு அவருடையது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். நைனாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதுகூடத் தேவைப்பட்டதில்லை. வேலூரில் மிஷன் போர்டிங்கில் தங்கி எட்டாவது தேறி, ஜூன் மாதம் டீச்சர் டிரெயினிங்கில் சேர இருந்தேன். இதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். விடுமுறைக்கு ஊருக்கு வந்த என்னைப் பாதிரியார் கூப்பிட்டு, மே மாதம் முழுவதும் கோயிலில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தச் சொன்னார். சம்பளம் கிடையாது, ஊழியம். சொல்லிவிட்டு அவர் மலைக்குப் போய்விட்டார். எங்கள் ஊர் மலைக்கு அல்ல, வெள்ளைக்காரர்கள் கோடையைக் கழிக்கும் குளிர்ந்த மலைக்கு.

காலையில் பாட்டும் வேதக் கதையும், பிறகு எழுத்தும் கணக்கும். தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மெட்டில் அவரவர் பாஷையில் பாடும். வெளியே போகிறவர்கள் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். முதல் நாளே, வெயில் ஏறியதும், ஒரு சிறுமி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். தூங்குகிறாள் என்று தோளைத் தட்டினேன்.

"தூக்கம் இல்லக்கா, பசி," என்றாள் பக்கத்தில் இருந்தவள், எனக்குத் தெரியாததைத் தெரிவிக்கும் குரலில்.

மத்தியானத்துக்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். புளியமரத்தடியில் ஏதாவது விழுந்திருக்கும், ஏரிக்கரையில் ஈச்சங்காய் இருக்கும். கோயிலில் என்ன இருந்தது? நானும் கரும்பலகையும்.

அப்போதுதான் எனக்குப் பிடியரிசி ஞாபகம் வந்தது. எங்கள் பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்போரக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். அது சாமிக்கு. இருக்கிறவள் அரிசி போடுவாள், இல்லாதவள் நொய் போடுவாள். ஞாயிறு காலையில் அதை முந்தானையில் முடிந்து வந்து, பீடத்துக்கு முன்னால் இருக்கும் தகர டின்னில் கொட்டுவார்கள். சம்பா, கண்ட்ரோல் அரிசி, பச்சரிசி, புழுங்கல், சில சமயம் கேழ்வரகு, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அப்படியே வேகவைத்தால் பாதி குழைந்து போகும், பாதி கல்லாக நிற்கும். அதனால் யாரும் அதைச் சமைப்பதில்லை. கடைத்தெரு மாவு வியாபாரிக்கு விற்றுவிடுவது வழக்கம்.

உபதேசியாரிடம் கேட்டேன். பாதிரியார் இல்லாத நாட்களில் ஆராதனை நடத்துகிறவர் அவர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர்.

"எடுத்துக்கோம்மா. ஆனா மூப்பரு காதுல..." என்று இழுத்தார். நான் அந்த முன்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

டின்னிலிருந்து அள்ளி உரலில் போட்டு நொய்யாக இடித்தேன். இடித்த பிறகு எது சம்பா, எது கண்ட்ரோல் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கொதியில் வெந்தது. உப்பும் வெங்காயமும் சேர்த்துக் கஞ்சி. இடித்துக்கொண்டிருக்கும்போது மூப்பரின் மனைவி அந்த வழியாகப் போனார்.

"படிச்ச பொண்ணு ஒலக்க புடிச்சிகினு நிக்குது பாரு! இதுக்கா வேலூரு வரைக்கும் போன?"

"ஆங், மூப்பரம்மா. அங்க இதச் சொல்லித் தரல, அதான் இங்க வந்து கத்துக்கினேன்."

பிள்ளைகள் சிரித்தன. அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு மத்தியானத்துக்கு முன் ஒரு பிள்ளையும் எழுந்து போகவில்லை. வேறு பிள்ளைகளும் வந்தன. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள், ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டும் பாயின் பெண்கள். யார் எந்தக் கோயில் என்று நான் கேட்கவில்லை. தட்டு எடுத்து வந்தாயா என்றுதான் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் மூப்பர் எழுந்தார். ஆடிக் கிருத்திகைக்குள் கோயிலுக்கு மதில் கட்ட வேண்டும், அதற்காகப் பிடியரிசி முழுவதும் விற்கப்படும், இனி டின்னை யாரும் தொடக் கூடாது, பூட்டு போட்டாகிவிட்டது என்றார்.

மதில் வேண்டும் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. கிருத்திகைக்கு மலைக்குக் காவடி எடுத்து வருகிற ஜனங்களுக்கு ஊரில் இடம் போதாது. எங்கள் கோயில் மனையில் மாட்டை அவிழ்த்துக் கட்டுவார்கள், அடுப்பு மூட்டுவார்கள். போன ஆடியில் பொறி பறந்து எங்கள் கூரை ஓரம் எரிந்தது. ஆனால் ஆடிக்கு இன்னும் நாள் இருந்தது. பிள்ளைகளுக்கு நாளைக் காலையே பசிக்கும்.

நான் எழுந்தேன்.

"அந்த அரிசிய ஒவ்வொரு பிடியா எடுத்து வெச்சது பொம்பளைங்க. அவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா, மூப்பரய்யா?"

"சாமிக்குக் குடுத்தாச்சு. அப்புறம் அதுல அவங்களுக்கு இன்னா பேச்சு?"

"சாமி மதிலு கேட்டாரா, புள்ளைங்களுக்குக் கஞ்சி கேட்டாரா?"

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து, "எட்டாவதுக்கே இந்த வாயி!" என்று ஒரு குரல் வந்தது. உபதேசியார் அவசரமாக ஆசீர்வாதம் சொல்லி எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

வீட்டில் நைனா சாப்பிடவில்லை.

"உங்க பாவா அந்தாளு கேங்குல கீறான், நெனப்பு கீதா? நாளைக்கே அவன நிறுத்திட்டா உங்கக்கா இன்னா துன்னுவா?"

அம்மா எங்கள் இருவரையும் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கஞ்சி இல்லை. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வாசலிலேயே தெரிந்துகொண்டு திரும்பிவிட்டன. முதல் நாள் சுவரில் சாய்ந்த சிறுமி மட்டும் போகவில்லை. குளிர்ச்சியாக இருக்கிறது என்று தரையில் படுத்துக்கொண்டே வாய்ப்பாடு சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என்னால்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். அரிசி கொடு என்று எங்கேயும் கேட்கவில்லை. "உங்க பிடி எதுக்குப் போவணும்னு நீங்க நெனக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. கேட்டதும் சந்தோஷப்பட்டுவிடவில்லை.

"சாமி காரியத்துல கை வெக்காத மே, வெளங்க மாட்ட," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி நான் வருவதைப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். என் அக்காதான் எல்லாரையும்விடக் கடுமையாகப் பேசினாள்.

"எம் புருஷன் வேலைக்கு ஒல வெச்சது பத்தாதுன்னு, இப்ப எங் கலயத்தையும் பாக்க வந்துட்டியா?"

அவள் வாசலிலிருந்து திரும்பும்போது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்த வாரம் முழுவதும் இருந்த நாலைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு வகுப்பை நடத்தினேன். நிறுத்தினால் மூப்பருக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மறு ஞாயிறு காணிக்கை நேரம் வந்தது. போன வார அரிசி அதற்குள் மாவு வியாபாரிக்குப் போய்விட்டிருந்தது. மூப்பர் பூட்டைத் திறந்து மூடியை எடுத்துவிட்டு டின்னின் பக்கத்தில் நின்றார். பெண்கள் வழக்கம் போல் வரிசையாக எழுந்து போனார்கள். முதலில் என் அம்மா. டின்னுக்கு முன் நின்று, தலை குனிந்து, முந்தானையைப் பிரித்து உதறினாள். ஒரு மணிகூட விழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள். அடுத்தவளும் அப்படியே செய்தாள். என்னைச் சபித்தவளும், கதவைச் சாத்தியவளும் வந்தார்கள். பாட்டு நிற்கவில்லை. தமிழிலும் தெலுங்கிலும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மூப்பரம்மா வந்து தன் அரிசியைக் கொட்டினார். வெறும் தகரத்தில் அது விழுந்த சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது.

எனக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவர்கள் எப்போது கூடிப் பேசினார்கள், கிணற்றடியிலா, விறகு பொறுக்கும் இடத்திலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டால், "உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்பாள்.

வெளியே வந்ததும் மூப்பர் வழியை மறித்தார்.

"இன்னாம்மா இது, வெளயாட்டா? அரிசி எங்க?"

"கலயத்துல கீது," என்றாள் அம்மா.

"சாமிக்குன்னு எடுத்து வெச்சத ஏன் எடுத்தாரல?"

"எடுத்தாருவோம். நாளைக்கி. புள்ளைங்க இருக்கறப்போ."

"டின்னுக்குத்தான பூட்டு போட்டீங்க. கலயத்துக்கு இல்லியே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. மூப்பரின் முகம் கறுத்தது. அவர் கண் என் அக்காவைத் தேடிப் பிடித்தது.

"உம் புருஷன் எங்க வேல செய்றான்னு தெரியுமில்ல?"

அக்கா இடுப்புக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியும் மேஸ்திரி. தண்டவாளத்துல அவரு உங்க ஆளு. எங்க அடுப்பாண்ட யாரும் உங்க ஆளு இல்ல."

கோயில் வாசலில் அவரை மூப்பரே என்று கூப்பிடாமல் மேஸ்திரி என்று கூப்பிட்டது அவள்தான் முதல்.

திங்கட்கிழமை கோயில் கதவும் பூட்டியிருந்தது. பக்கத்திலிருந்த புங்கமரத்தடிக்கு வகுப்பை மாற்றினோம். நடுவில் மதில் இல்லாதது அன்றைக்கு வசதியாகத்தான் இருந்தது. பெண்கள் கலயத்தோடு வந்து நேராக உரலில் கொட்டினார்கள். அம்மாவும் நானும் மாற்றி மாற்றி இடித்தோம். கஞ்சி கொதிக்கும் வாசனைக்கே ஜட்காக்காரர் பெண்கள் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மூப்பரம்மா வந்தார். கையில் ஒரு முடிப்பு.

"எவ்ளோ திமிரு உனக்கு! எங்க ஊட்டுக்காரரு ரெண்டு நாளா சோறு துன்னல. மதிலு இல்லாம ஆடில மாடு உள்ள பூந்தா நீயா வந்து ஓட்டப் போற? நீ வேலூருல சொகமா குந்திகினு இருப்ப!" என்று சொல்லிக்கொண்டே முறத்தை இழுத்துப் போட்டு, முடிப்பை அவிழ்த்துக் கல் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கி முடிக்கும் வரை என்னைத் திட்டினார். நல்ல அரிசி, ரயில்வே கடை அரிசி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

இதற்கு விலை இல்லாமல் போகவில்லை. என் பாவாவை மணவூர்ப் பக்கத்து கேங்குக்கு மாற்றினார்கள். விடியுமுன் வண்டி ஏறி, இருட்டிய பின் திரும்ப வேண்டியிருந்தது. அக்கா தன் பிடியை நிறுத்தவில்லை, ஆனால் என்னோடு முன்போல் பேசுவதையும் விட்டுவிட்டாள். ஆடியில் மதில் இல்லை. பெண்கள் முள் வெட்டிக் கட்டிய வேலியைப் பிய்த்துக்கொண்டு மாடுகள் உள்ளே வந்தன. மூப்பர் சொன்னபடிதான் ஆயிற்று. அதை நான் மறுக்கவில்லை.

ஆடிக்கு முன்பே, ஜூன் மாதம், பாதிரியார் மலையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார். கஞ்சியைப் பற்றிக் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் எத்தனை வேதாகமச் சங்கீதம் கற்றன என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார். பிறகு, சபை நடுவே எழுந்து பேசியது ஒழுங்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை எழுந்து மூப்பரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு, அதோடு எல்லாம் முடிந்தது என்றார்.

"கேக்கறேங்க. அதுக்கு முன்னாடி, வருஷா வருஷம் மே மாசம் டின்னுக்குப் பூட்டு கிடையாதுன்னு மூப்பரய்யா அதே எடத்துல நின்னு சொல்லட்டும்," என்றேன்.

"உனக்குக் கர்வம் ஜாஸ்தி," என்றார்.

"ஆங்," என்றேன்.

மூப்பர் இதுவரை சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது பள்ளிப்பட்டுப் பக்கத்தில் டீச்சராக இருக்கிறேன். மே பிறந்ததும் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுகிறேன். வகுப்பு நடத்த என்னை யாரும் கூப்பிடுவதில்லை, வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. கோயில் கதவு திறந்திருந்தால் உள்ளே, பூட்டியிருந்தால் புங்கமரத்தடியில். பெண்கள் கலயத்தோடு வருகிறார்கள். அடுப்பு எரிகிறது.